பிளாஸ்டிக் கிட் ஸ்டேஷனுக்கு நிஜமான சிலேட்டு கூரை போடுறது எப்படி

மாடல் ரயில் லேஅவுட் பண்றவங்க நிறைய பேரு கட்டடத்தோட சுவருக்குத்தான் உயிரக் கொடுத்து வேல பாப்பாங்க, செங்கல்லுக்கு நடுவுல சாந்து கலர் வரணும், கதவுல கைப்பிடி தெரியணும்னு ராத்திரி பூரா உக்காந்து பண்ணுவாங்க, கூரைக்கு வரும்போது கிட்ல (துண்டு துண்டா வர்ற, நாமளே ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் செட்) இருந்த ரெண்டு பலகைய அப்படியே ஒட்டி ஒரு கோட் சாம்பல் கலர் அடிச்சு முடிச்சிருவாங்க. ஆனா லேஅவுட் இருக்கிறது இடுப்பு உயர மேஜையில. நின்னுகிட்டு பாக்கும்போது மொட்டமாடிலேருந்து எதிர்வீட்ட பாக்குற மாதிரிதான் பாக்குறோம், கண்ணுல முதல்ல விழறது கூரை, சுவர் அப்புறம்தான். அதனால புதுசா கிட் கட்ட ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது, இருக்கிற நேரத்துல பாதிய கூரைக்கு ஒதுக்குங்க.

இங்க நான் எடுத்துக்கிற உதாரணம் ஓஓ ஸ்கேல், அதாவது 1:76, நிஜத்துல 76ல ஒரு பங்கு அளவு, இங்கிலாந்து கிராமத்து ஸ்டேஷன், ஒரே தளம், ரெண்டு பக்கமும் சரியிற சாதா கூரை, ஒரு புகைபோக்கி. இந்த மாதிரி கிட் தான் தொடக்கத்துல எல்லாரு கையிலயும் இருக்கும். ஹெச்ஓ ஸ்கேல் (1:87) வச்சிருக்கிறவங்களுக்கும் இதே முறைதான், அளவு மட்டும் மாறும், அதையும் சொல்றேன்.

கிட் கூரையில என்ன குறைன்னு முதல்ல பாத்துக்கங்க. கூரைப் பலகையோட ஓரத்த ஸ்கேல் வச்சு அளந்தா பெரும்பாலும் 2 மிமீ பக்கம் இருக்கும், அத 76 ஆல பெருக்கினா 15 சென்டிமீட்டர், ஆறு இஞ்ச் கான்கிரீட் தளம் போட்ட மாதிரி. நிஜ சிலேட்டு கூரை, அதாவது மெல்லிசா பிளந்த கல்லு வேஞ்ச கூரை, அதோட ஓரத்துல தெரியிறது சில மில்லிமீட்டர் கனமுள்ள கல்லுதான். அடுத்தது, பலகையில கோடு போட்டு சிலேட்டு மாதிரி காட்டியிருப்பாங்களே தவிர ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்காது, வெளிச்சம் சாய்ஞ்சு அடிச்சா நிழலே விழாது. முகட்டுல ரெண்டு பலகையும் சேருற இடத்துல ஒரு இடைவெளி, புகைபோக்கி அடியில இன்னொரு இடைவெளி. இந்த நாலையும் சரி பண்ணிட்டா கூரை வேற மாதிரி ஆயிரும்.

நிஜக் கூரை எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அளவு வரும். இங்கிலாந்துல ஸ்டேஷன் கட்டின காலத்துல சிலேட்டு பெருவாரியா வந்தது வேல்ஸ்லேருந்து. பென்ரின், ஃபெஸ்டினியோக் பக்கத்து குவாரிகள்ல கல்ல வெட்டி, உளியால இதழ் இதழா பிளந்து, துறைமுகத்துக்கு அனுப்புவாங்க. ஃபெஸ்டினியோக் ரயில்வேன்னு ஒரு குறுகிய பாதை 1836ல ஓட ஆரம்பிச்சதே இந்த சிலேட்ட போர்த்மடோக் துறைமுகத்துக்கு இறக்கத்தான், சிலேட்டு ஏத்தின வண்டிங்க மலையிலேருந்து எஞ்சினே இல்லாம சரிவுலயே உருண்டு வரும், காலி வண்டிய திரும்ப மேல குதிரை இழுக்கும். ரயில் பிடிச்சவங்களுக்கு இதவிட நல்ல கதை வேணுமா. அந்த மொத்த சிலேட்டு நிலப்பகுதியையும் 2021ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க.

சிலேட்டு சைஸுக்கு அவங்க வச்ச பேரு எல்லாம் பிரபு வீட்டுப் பெண்களோட பட்டம். டச்சஸ்னா 24 இஞ்ச் நீளம் 12 இஞ்ச் அகலம், கவுண்டஸ்னா 20க்கு 10, லேடின்னா 16க்கு 8. நம்ம ஸ்டேஷனுக்கு கவுண்டஸ் போதும். 10 இஞ்ச் அகலம் ஓஓ ஸ்கேல்ல 3.3 மிமீ. நீளம் முழுசும் வெளிய தெரியாது, ஒரு சிலேட்டு தனக்கு ரெண்டு வரிசை கீழ இருக்கிற சிலேட்டையும் 3 இஞ்ச் அளவுக்கு மூடணும், அப்பதான் தண்ணி உள்ள போகாது, அதனால 20ல 3 போக 17, அதுல பாதி எட்டரை இஞ்ச் தான் வெளிய தெரியும். அது ஓஓல 2.8 மிமீ. ஹெச்ஓ பண்றவங்களுக்கு அகலம் 2.9, தெரியிற உயரம் 2.5. இந்த ரெண்டு நம்பர ஒரு துண்டுச்சீட்டுல எழுதி மேஜையில ஒட்டிக்கங்க, வேலை முழுக்க இதுதான்.

அப்புறம் கனம். சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 பேப்பரோட கனம் ஏறத்தாழ 0.1 மிமீ. 76 ஆல பெருக்குங்க, 7.6 மிமீ, கிட்டத்தட்ட நிஜ சிலேட்டோட கனம். கடையில எந்த விலை உயர்ந்த ஷீட்டு வாங்கினாலும் இவ்வளவு சரியா அமையாது, ஜெராக்ஸ் கடையில கிடைக்கிற பேப்பர் அமையுது. என் அனுபவத்துல நல்லது பின்னாடி பசை இருக்கிற லேபிள் ஷீட், ஸ்டிக்கர் ஷீட்னு கேட்டா ஸ்டேஷனரி கடையில கொடுப்பாங்க, பளபளன்னு இருக்கிறது வேண்டாம், மேட் வாங்குங்க. N ஸ்கேல்னு இன்னும் சின்ன அளவுல பண்றவங்களுக்கு மட்டும் இது கனமாயிரும், அவங்க கிட்ல இருக்கிற கோட்டையே வச்சுகிட்டு பெயின்ட்ல வேல காட்டுறது நல்லது.

வேணும்கிற மத்த சாமான்: புது பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட், 240, 400, 600 நம்பர் உப்புத்தாள், பிளாஸ்டிக் ஒட்டுற தண்ணி மாதிரி சிமென்ட், 1 மிமீ பிளாஸ்டிக் ஷீட் கொஞ்சம், 3 மிமீ சதுரக் குச்சி ரெண்டு, கையால சுத்துற சின்ன டிரில். உப்புத்தாள் போடும்போது மாஸ்க் போட்டுக்கங்க, சிமென்ட் தொறக்கும்போது ஜன்னல தொறந்து வைங்க.

பலகைய தயார் பண்றது

ஒட்டுறதுக்கு முன்னாடி சுவர் மேல கூரைய சும்மா வச்சுப் பாருங்க. முகட்டுல ரெண்டு பலகையும் சேருற ஓரத்த கோணமா தேய்க்கணும், நேரா இருக்கிற ஓரத்த நேரா இருக்கிற ஓரத்தோட சேத்தா மேல வி மாதிரி வாய் பிளந்துதான் நிக்கும். உப்புத்தாள ஒரு கண்ணாடித் துண்டு மேல ஒட்டி வச்சு, பலகைய சாய்ச்சுப் பிடிச்சு நீளவாக்குல இழுத்து இழுத்து தேய்ங்க, பத்து இழுப்புக்கு ஒரு தடவ வச்சுப் பாருங்க.

பழைய மோல்டிங் கோட்ட எடுக்க ரெண்டு வழி. 240 உப்புத்தாளால தேய்ச்சு தட்டையாக்கலாம். இல்லன்னா பலகைய திருப்பிப் போட்டுட்டு உள்பக்கத்த வெளிப்பக்கமா ஆக்கிடலாம், சாதா ரெண்டு சரிவு கூரைக்கு இது சுலபம், உள்பக்கம் வழுவழுன்னு இருக்கும், அச்சுல தள்ளின வட்டத் தடம் ரெண்டு மூணு இருந்தா அத மட்டும் சமமாக்கினா போதும். ஆனா புகைபோக்கிக்கு ஓட்டை இருந்தா அது பக்கம் மாறிடும், அத கவனிங்க. பலகை ரொம்ப வளைஞ்சிருந்தா தயங்காம 1 மிமீ ஷீட்ல அதே அளவுக்கு புதுசா வெட்டிருங்க.

கனத்தக் குறைக்கிறது ஓரத்துல மட்டும்தான், பலகை முழுக்க இல்ல. எரவானத்துலயும் ரெண்டு பக்க ஓரத்துலயும் அடிப்பக்கமா கத்தியால செதுக்கி, உப்புத்தாளால 45 டிகிரி சாய்வு கொண்டுவாங்க, வெளிய தெரியிற விளிம்பு அரை மில்லிக்கு வந்தா போதும். கத்திய உங்க பக்கமா இழுக்காதீங்க.

அடுத்து உள்ள 3 மிமீ குச்சிய முகட்டோரமும் நடுவுலயும் நீளவாக்குல ஒட்டுங்க, கூரை வளையாம இருக்க. இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். நான் என் முதல் கூரைய ரெண்டு ஷீட்டா சேத்து, நடுவுல நிறைய சிமென்ட் விட்டு ஒட்டி, அடியிலயும் தளம் வச்சு பெட்டி மாதிரி மூடிட்டேன். அன்னைக்கு பாக்க அருமையா இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு காலைல பாத்தா சுட்ட அப்பளம் மாதிரி நடுவுல புடைச்சு, எரவானம் சுவர விட்டு எழும்பி நிக்குது. உள்ள மாட்டின சிமென்ட் ஆவி வெளிய போக வழியில்லாம பிளாஸ்டிக்க மெதுவா இளக்கியிருக்கு. அதுலேருந்து ரெண்டு ஷீட்ட சேத்து ஒட்டினா உள்பக்க ஷீட்டுல அங்கங்க 2 மிமீ ஓட்டை போட்டுருவேன், மூடின பெட்டியா எதையும் விடமாட்டேன், சிமென்ட் கம்மியா விட்டு ஒரு ராத்திரி காயவும் விடுவேன்.

உள்ள லைட் போடுற ஆசை இருந்தா இப்பவே உள்பக்கம் கருப்பு அடிச்சிருங்க, இல்லன்னா கூரையே விளக்கு மாதிரி ஒளிரும். கூரைய கழட்டி மாட்டுற மாதிரி வச்சுகிட்டா பின்னாடி பல்ப் மாத்த வசதி.

புகைபோக்கிய இந்தக் கட்டத்துலயே ஒட்டுங்க. அடிப்பாகத்த கூரையோட சரிவுக்கு ஏத்த மாதிரி தேய்க்க சுலபமான வழி, கூரை மேலயே உப்புத்தாள விரிச்சு அது மேல புகைபோக்கிய நேரா பிடிச்சு முன்னும் பின்னும் உரசுறது. அந்த சரிவே அதுக்கு வந்துரும். மேல இருக்கிற மண்குழாய் மூடியிருந்தா டிரில்லால 1.5 மிமீ ஓட்டை போடுங்க.

சிலேட்டு வெட்டுறது

லேபிள் ஷீட்டுல கோடு போடணும். கம்ப்யூட்டர்ல போட்டு பிரின்ட் எடுத்தா நேரம் மிச்சம், 3.3 மிமீக்கு ஒரு நெடுக்குக் கோடு, 5 மிமீக்கு ஒரு குறுக்குக் கோடு, வெளிர் சாம்பல் கலர்ல மெல்லிசா. பிரின்ட் கொடுக்கும்போது பேஜுக்கு பொருத்துற ஆப்ஷன எடுத்துட்டு நூறு சதவீதத்துல கொடுங்க, வந்ததும் ஸ்கேல் வச்சு பத்து சிலேட்டுக்கு 33 மிமீ வருதான்னு பாருங்க. லேசர் பிரின்ட்டா இருக்கட்டும், இன்க்ஜெட் மை தண்ணி பட்டா கசியும்.

முதல்ல நெடுக்குக் கோடுகள வெட்டுங்க, ஆனா முழுசா இல்ல. ஒவ்வொரு 5 மிமீ பட்டையிலயும் கீழ்ப்பக்க 3 மிமீ மட்டும் கீறல் விழணும், மேல் 2 மிமீ வெட்டாம இருக்கணும். அப்புறம் குறுக்குக் கோட்டுல வெட்டி எடுத்தா ஒவ்வொரு பட்டையும் சீப்பு மாதிரி வரும், மேல தண்டு, கீழ பல்லு. ஒவ்வொரு சிலேட்டா ஒட்டத் தேவையில்ல, சீப்பு சீப்பா ஒட்டலாம். எங்கயாவது ஒரு பல்ல அரை மில்லி குட்டையா வெட்டுங்க, ஒண்ணோட மூலைய கிள்ளி விடுங்க, இருபதுக்கு ஒண்ணு போதும்.

எவ்வளவு வேணும்னு ஒரு கணக்கு: கூரை நீளம் 120 மிமீ, ஒரு பக்கச் சரிவு 60 மிமீன்னு வச்சுகிட்டா, வரிசைக்கு 36 சிலேட்டு, 21 வரிசை, 756, ரெண்டு பக்கமும் சேத்து 1512. கேட்டா மலைப்பா இருக்கும், ஆனா ஒட்டப்போறது 42 சீப்புதான். நான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு பிரிச்சு பண்ணுவேன், கண்ணுக்கும் நல்லது.

ஒட்டுறது

எங்க தாத்தா வீடு ஓட்டு வீடு. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஓடு மாத்த ஒருத்தர் வருவார், நான் கீழேருந்து ஓடு எடுத்துக் கொடுப்பேன். அவர் ஏறினதும் முதல் வேலையா எரவானத்துல ஒரு நூல இழுத்துக் கட்டுவார். "கீழ் வரிசை நேரா உக்காந்துட்டா முகடு தானா வந்துரும் தம்பி, கீழ கோணுச்சுன்னா மேல போகப் போக கோணல் பெருசாகும்" னு சொன்னது அப்படியே இந்தச் சின்னக் கூரைக்கும் பொருந்துது. வேல்ஸ் சிலேட்டானாலும் நம்மூர் நாட்டு ஓடானாலும் தண்ணி கீழதான ஓடுது, அதனால வேலையும் கீழேருந்துதான் மேல ஏறணும்.

பலகைய 400 உப்புத்தாளால லேசா சொரசொரப்பாக்கி, சோப்புத் தண்ணில கழுவி காயவிடுங்க, கை எண்ணெய் இருந்தா லேபிள் பசை பிடிக்காது. எரவானத்துலேருந்து மேல 2.8 மிமீக்கு ஒரு பென்சில் கோடு, முகடு வரைக்கும். ரெண்டு முனையிலயும் அளந்து கோடு போடுங்க, ஒரு முனைய அளந்துட்டு கண்ணால இழுக்காதீங்க. முகட்டுகிட்ட கடைசி வரிசை அரைகுறையா வந்தா பரவாயில்ல, முகட்டு ஓடு மூடிரும்.

முதல்ல எரவான ஓரத்துல வெட்டுப்படாத ஒரு 3 மிமீ பட்டைய ஒட்டுங்க, அரை மில்லி வெளிய நீட்டி. நிஜக் கூரையிலயும் அடியில ஒரு குட்டை வரிசை உண்டு, அது இருந்தாதான் முதல் வரிசை கொஞ்சம் தூக்கி நிக்கும். அது மேல முதல் சீப்பு. ரெண்டாவது சீப்ப பாதி சிலேட்டு தள்ளி ஒட்டுங்க, கீழ் வரிசையோட இடுக்கு மேல் வரிசை சிலேட்டோட நட்ட நடுவுல வரணும். மூணாவது முதல் மாதிரி. ஒத்தப்படை வரிசை ஒரு மாதிரி, ரெட்டப்படை வரிசை ஒரு மாதிரி, இத மறந்து ரெண்டு வரிசை ஒரே மாதிரி ஒட்டிட்டா தூரத்துலேருந்தே தெரிஞ்சிரும். பாதி தள்ளுற வரிசையில ஓரத்துல அரை சிலேட்டு வரும், நிஜ கொத்தனார் அங்க அரைத் துண்டு போடமாட்டார், காத்துல பிச்சுகிட்டு போயிரும்னு ஒன்றரை அகலத்துக்கு ஒரு பெரிய சிலேட்டு போடுவார். நீங்களும் ஓரத்துக் கடைசி கீறல விட்டுட்டு 5 மிமீ அகலத்துக்கு ஒண்ணு வச்சிருங்க, தெரிஞ்சவங்க பாத்தா உடனே புடிச்சுக்குவாங்க.

சீப்ப ஒட்டும்போது ஒரு முனைய கோட்டுல வச்சு, மறு முனைய தூக்கிப் பிடிச்சு, விரல் நகத்தால தடவிகிட்டே போங்க. தண்டு பாகத்த நல்லா அமுக்குங்க, பல்ல அமுக்காதீங்க, அது லேசா தூக்கி நின்னாதான் நிழல் விழும். அஞ்சு வரிசைக்கு ஒரு தடவ கூரைய கண் மட்டத்துக்கு தூக்கி ஓரமா பாருங்க, அரை மில்லி கோணியிருந்தா அடுத்த ரெண்டு வரிசையில கொஞ்சம் கொஞ்சமா சரிக்கட்டலாம், இருபது வரிசைக்கு அப்புறம் பாத்தா ஒண்ணும் பண்ண முடியாது.

புகைபோக்கிய நெருங்கும்போதுதான் ஈயத் தகடு வேல. நிஜத்துல சுவரும் கூரையும் சேருற இடத்துல தண்ணி இறங்காம ஈயத் தகட்ட மடிச்சு வைப்பாங்க. நமக்கு அதே பேப்பர்தான். புகைபோக்கிக்கு கீழ இருக்கிற வரிசை வரைக்கும் சிலேட்டு ஒட்டினதும், முன்பக்கத் தகடு சிலேட்டுக்கு மேல வரணும், 2 மிமீ கீழ தொங்கி, 2 மிமீ சுவர்ல ஏறி. ரெண்டு பக்கமும் போற தகடு செங்கல் வரிசைக்கு ஏத்த மாதிரி படிப்படியா வெட்டினது. பின்பக்கத் தகடு மட்டும் முதல்ல வச்சு, மேல வர்ற சிலேட்டு அது மேல ஏறி உக்காரணும். தண்ணி எங்க ஓடும்னு யோசிச்சா எது மேல எது கீழன்னு குழப்பமே வராது.

முகட்டுக்கு 6 மிமீ அகலத்துல ஒரு பட்டைய நீளவாக்குல நடுவுல கீறி மடிச்சு, 6 மிமீக்கு ஒண்ணா துண்டு போட்டு வரிசையா ஒட்டுங்க, நிஜ முகட்டு ஓடு 18 இஞ்ச் நீளம், அதுதான் இந்த 6. துண்டு துண்டா ஒட்டுறதுல வர்ற சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்தான் அழகு.

எல்லாம் ஒட்டினதும் மேட் வார்னிஷ் ஒரு கோட் மெல்லிசா அடிங்க, ஓரத்து முனைகள்ல பல்குச்சியால சூப்பர் க்ளூ ஒரு பொட்டு. லேபிள் பசை வருஷம் போகப் போக காஞ்சு உரியும், அதுவும் கடலோரத்து ஊர்ல மழைக்காலத்துல பேப்பர் ஈரம் குடிச்சு எழும்பும், வார்னிஷ் அத தடுக்கும். சூப்பர் க்ளூவ அதிகம் விட்டுட்டு மூடி வச்சா வெள்ளையா பூத்துரும், காத்தாட விடுங்க. ஸ்ப்ரே எதுவானாலும் மழை பெய்யிற அன்னைக்கு அடிக்காதீங்க, அதுவும் மங்கலா வெளுக்கும்.

கலர்

கருப்பு அடிக்காதீங்க. சிலேட்டு கருப்பு இல்ல. பென்ரின் பக்கத்து கல்லு கொஞ்சம் ஊதா ஓடுற நீலம், ஃபெஸ்டினியோக் கல்லு நீலம் கலந்த சாம்பல். சாம்பல் பிரைமர் மெல்லிசா அடிச்சு, நடுத்தர சாம்பல்ல கொஞ்சம் நீலம், ஒரு துளி செங்காவி கலந்து அடிப்படைக் கலர் அடிங்க. அது காஞ்சதும் அதே கலவைய மூணு கிண்ணத்துல பிரிச்சு, ஒண்ணுல கொஞ்சம் வெள்ளை, ஒண்ணுல கொஞ்சம் ஊதா, ஒண்ணுல கொஞ்சம் பச்சை விட்டு, சின்ன பிரஷால பத்துக்கு ஒரு சிலேட்டு அங்கங்க அடிங்க. வித்தியாசம் ரொம்ப மெலிசா இருக்கணும், செஸ் போர்டு மாதிரி ஆயிடக் கூடாது. முகட்டு ஓடு சுட்ட மண்ணா இருந்தா மங்கின செங்கல் கலர், ஈயத் தகடு வெளுத்த சாம்பல்.

அப்புறம் அடர் சாம்பல் அக்ரிலிக்க நிறைய தண்ணி விட்டு, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு துளி போட்டு, மேலேருந்து கீழ தடவி விடுங்க, இடுக்குல இறங்கி நிக்கும். பாசி, பூஞ்சை வைக்கிறதா இருந்தா வெயில் படாத வடக்குப் பக்கத்துலயும் எரவானத்துகிட்டயும் அதிகமா வைங்க. ஆனா புகைபோக்கிக்கு நேர் கீழ மட்டும் ஒரு பட்டை சுத்தமா இருக்கட்டும். ஈயத் தகட்டுல பட்டு வழியிற மழைத்தண்ணில கரைஞ்சு வர்ற உலோகம் பாசிய வளர விடாது, பழைய கூரைகள்ல தகட்டுக்குக் கீழ வெளுத்த கோடா இது தெரியும், போட்டோ பாத்தா நீங்களும் கவனிப்பீங்க. தண்டவாளத்து பக்கச் சரிவுல எஞ்சின் புகைக் கரி, அதுக்கு கருப்பு பேஸ்டல் சாக்க தேய்ச்ச பொடிய காஞ்ச பிரஷால தட்டுங்க.

கடைசியா மழைநீர் காடி, அதாவது எரவானத்து ஓரமா தண்ணி பிடிக்கிற அரைக்குழாய். கிட்ல வர்றது பெரும்பாலும் கெட்டியான ஒரு குச்சிதான். நிஜத்துல நாலரை இஞ்ச் அரைவட்டம், ஓஓல 1.5 மிமீ. அந்த அளவு அரைவட்ட பிளாஸ்டிக் குச்சிய தட்டைப் பக்கம் மேல வர்ற மாதிரி ஒட்டி, மேல்பக்க நடுவுல மட்டும் கருப்புக் கோடு இழுத்தா மேலேருந்து பாக்க குழியா தெரியும். சிலேட்டோட நுனி காடிக்கு மேல கொஞ்சம் நீட்டணும், சுவர்ல இறங்குற குழாய் காடிய தொட்டு நிக்கணும், நிறைய கிட்ல அது அந்தரத்துல முடிஞ்சிருக்கும், ரெண்டு சின்ன வளைவுத் துண்டு வச்சு சேத்துருங்க.

ஒரு நாள் காயவிட்டு, காலை வெயில் சாய்ஞ்சு விழற ஜன்னலோரம் கூரைய வச்சுப் பாருங்க. ஒவ்வொரு வரிசைக்கு அடியிலயும் முடி மாதிரி ஒரு நிழல் ஓடணும். எங்கயாவது நிழல் அறுந்திருந்தா அங்க பல்லு அமுங்கியிருக்குன்னு அர்த்தம், ஊசி நுனியால அந்த சிலேட்ட லேசா நெம்பி விடுங்க.